செட்டிநாட்டுப் பக்கம் புதிதாக வரும் மருந்தாளுநருக்கு: கருத்தடைச் சாதனங்கள் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது எப்படி

நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாள். துணை சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கு ஊசி போட்டு முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் மட்டும் கிளம்பாமல் தூண் ஓரமாக நின்றாள். ஆள் குறைந்ததும் சிஸ்டர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தி, "அக்கா, அந்த வார மாத்திரை இருக்கா?" என்றாள். "தீந்துபோச்சும்மா. அடுத்த வாரம் வா, வாங்கி வைக்கிறேன்" என்றார் சிஸ்டர். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அடுத்த வாரம் வரவில்லை. மறுபடி நான் அவளைப் பார்த்தது நாலைந்து மாதம் கழித்து, செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் வரிசையில்.

அவளுக்கு இல்லையென்று சொன்ன அன்று, ஆரம்ப சுகாதார நிலையத்தில் என் அலமாரியில் அதே மாத்திரை இரண்டு பெட்டி இருந்தது. ஒன்பது கிலோமீட்டர் தூரம், அவ்வளவுதான்.

பிறகு பல வருடம் இந்தச் சரக்கோடு மல்லுக்கட்டியதில் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வரும் மருந்தாளுநரை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன் என்றாலும், கிராம சுகாதார செவிலியர்களுக்கும் இது உதவும். காரைக்குடி, தேவகோட்டை, கல்லல், திருப்பத்தூர், திருமயம் என்று இந்தப் பக்கத்து ஊர்களுக்கென்று சில தனிக் குணங்கள் உண்டு. அவை எந்தப் பயிற்சியிலும் வராது.

முதலில் சரக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

உங்கள் கைக்கு வருபவை: நிரோத் (ஆணுறை), மாலா-என் மாத்திரை, சாயா மாத்திரை, அந்தரா ஊசி, கருப்பைக்குள் வைக்கும் காப்பர் டி இரண்டு வகை, அவசரக் கருத்தடை மாத்திரை, கூடவே நிஷ்சய் கர்ப்பப் பரிசோதனை கிட். அந்தராவும் சாயாவும் 2017-இல் அரசுத் திட்டத்தில் சேர்ந்தவை. மற்றவை பழைய ஆட்கள். நிரோத் 1968-லிருந்தே இருக்கிறது.

ஊரில் யாரும் இந்தப் பெயர்களைச் சொல்லிக் கேட்க மாட்டார்கள். அந்தரா 'மூணு மாச ஊசி', சாயா 'வார மாத்திரை', மாலா-என் 'டெய்லி மாத்திரை'. காப்பர் டி-யை வயதானவர்கள் இன்னும் 'லூப்' என்றுதான் சொல்கிறார்கள். நிரோத்துக்குப் பெயரே கிடையாது. "அது இருக்கா சார்?" என்றால் அதுதான்.

ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போடும் அளவு வேறு. முதல் வருடம் எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. நிரோத்தைப் பீஸ் கணக்கில் எழுத வேண்டும். மாலா-என் அட்டைக் கணக்கு, அந்தரா வயல் (சின்ன மருந்துக் குப்பி) கணக்கு. நான் ஒருமுறை, சரக்குக் கேட்டு மேலே அனுப்பும் இண்டென்டில் நிரோத் 500 என்று எழுதினேன். என் மனதில் இருந்தது பாக்கெட். மேலே இருந்தவர் படித்தது பீஸ். வந்தது ஒரு சின்ன அட்டைப் பெட்டி, அதுவும் பாதி காலி. அந்த மாதம் முழுக்கப் பக்கத்து நிலையத்தில் கடன் வாங்கி ஓட்டினேன். சரி, இனி எண்ணுக்குப் பக்கத்தில் 'பீஸ்' என்று எழுதாமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

சாயாதான் இவற்றில் ஏமாற்றுக்காரி. அட்டையில் 8 மாத்திரை. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அதன்பின் வாரத்துக்கு ஒன்று. அதாவது புதிதாக ஆரம்பிக்கும் ஒரு பெண்ணுக்கு ஒரு அட்டை 4 வாரம்தான் வரும். பழையவளுக்கு அதே அட்டை 8 வாரம் வரும். புதிதாகச் சேரும் 10 பேர், பழைய 20 பேருக்குச் சமமாகச் சரக்கைத் தின்பார்கள். முகாம் நடத்தி ஒரே மாதத்தில் 15 பேரைச் சேர்த்துவிட்டு, போன மாதக் கணக்கைப் பார்த்தே இண்டென்ட் போட்டால் ஆறாவது வாரம் அலமாரி காலி.

மாலா-என் அட்டையில் 28 மாத்திரை, 21 ஹார்மோன், 7 இரும்புச்சத்து. இடைவெளியில்லாமல் சாப்பிட்டால் ஒருவருக்கு வருடத்துக்கு 13 அட்டை. மாதத்துக்கு ஒன்றென்று 12 போடுபவர்கள் ஆளுக்கு ஒரு அட்டையைக் கடனாக வைக்கிறார்கள். அந்தரா வருடத்துக்கு 4 ஊசி. காப்பர் டி-யில் 380ஏ என்பது 10 வருடம், 375 என்பது 5 வருடம். அவசர மாத்திரை, உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டியது. இது கொஞ்சமாகத்தான் போகும். ஆனால் இல்லையென்று திருப்பி அனுப்பவே கூடாத பொருள் என்றால் இதுதான், ஏனென்றால் இதற்கு 'அடுத்த வாரம்' என்பதே கிடையாது.

சரக்கு எந்த வழியாக வருகிறது

பாராசிட்டமால் வரும் வழியும் இது வரும் வழியும் வேறு. மருந்துகளுக்குத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், பாஸ்புக், மாவட்ட மருந்துக் கிடங்கு என்று ஒரு நல்ல பாதை உண்டு. கருத்தடைச் சாதனங்களை மத்திய அரசு கொள்முதல் செய்து இலவசமாக அனுப்புகிறது. சென்னையில் மாநில அளவில் இறங்கி, மாவட்டக் குடும்ப நலத் துணை இயக்குநர் அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து வட்டார சுகாதார நிலையம், உங்கள் நிலையம், கடைசியில் துணை சுகாதார நிலையம். 2017-லிருந்து இதற்கென்று எஃப்.பி.எல்.எம்.ஐ.எஸ். என்ற மத்திய மென்பொருள் இருக்கிறது. இண்டென்ட், வரவு, வழங்கல், இருப்பு எல்லாம் அதில் ஏற வேண்டும்.

இன்னொன்று. செட்டிநாடு என்பது நமக்கு ஒரே பிரதேசம், அரசுக்கு இரண்டு மாவட்டம். கானாடுகாத்தான் சிவகங்கை மாவட்டம். கொஞ்ச தூரத்தில் இருக்கும் கடியாபட்டி புதுக்கோட்டை மாவட்டம். பெண் எந்தப் பக்கம் போய் வேண்டுமானாலும் ஊசி போட்டுக்கொள்ளலாம், கொடுக்க மாட்டேன் என்று யாரும் சொல்லக்கூடாது. ஆனால் பெட்டி எல்லை தாண்ட வேண்டுமென்றால் காகிதம் நீளும். அவசரத்துக்குக் கைமாற்று என்றால் முதலில் உங்கள் மாவட்டத்துக்குள் தேடுங்கள்.

முதல் வாரம்: எண்ணுங்கள்

சேர்ந்த அன்றே பொறுப்பு ஒப்படைக்கும் தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். போடுவதற்கு முன்னால் எண்ணிவிடுங்கள். பெட்டியின் வெளியே எழுதியிருப்பதை நம்பாமல், பிரித்து, பேட்ச் நம்பர், காலாவதித் தேதி, எண்ணிக்கை மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். பதிவேட்டில் 1,200 என்று இருக்கும், அலமாரியில் 870 இருக்கும். இதில் பதற ஒன்றுமில்லை. திருடு போயிருக்காது. யாரோ அவசரத்தில் ஒரு சிஸ்டரிடம் கொடுத்துவிட்டு எழுத மறந்திருப்பார்கள். வித்தியாசத்தை மருத்துவ அலுவலரிடம் காட்டி, அன்றைய தேதியில் உண்மையான இருப்பைச் சிவப்பு மையில் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பழைய பொய்யைச் சுமந்துகொண்டு புதுக் கணக்கு ஆரம்பிக்க முடியாது.

அப்புறம் துணை சுகாதார நிலையங்களுக்குப் போங்கள். போனில் கேட்டுத் தெரிந்துகொள்வது போதாது, நேரில் போக வேண்டும். ஒரு நிலையத்துக்குக் கீழே ஐந்தாறு துணை நிலையம் இருக்கும், இரண்டு நாள் பைக்கில் சுற்றினால் முடிந்துவிடும். நான் முதல் சுற்றில் பார்த்தது: ஒரு இடத்தில் மாலா-என் மூன்று வருடத்துக்குப் போதுமான அளவு, பக்கத்து ஊரில் ஒன்றுகூட இல்லை. ஓரிடத்தில் நிரோத் பெட்டியின் மேல் பினாயில் கேன். சிஸ்டர்களைக் குற்றம் சொல்லவே கூடாது. அவர்கள் 5,000 பேருக்கு ஒருவர். தடுப்பூசி, கர்ப்பிணி, சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆன்லைன் பதிவு என்று பத்து வேலைக்கு நடுவில் இது பதினோராவது.

கணக்கு: போனதையா எழுதுகிறீர்கள், சேர்ந்ததையா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பெரும்பாலான நிலையங்களில் 'மாதச் செலவு' என்று எழுதப்படுவது, மருந்தாளுநர் சிஸ்டர்களுக்குக் கொடுத்த அளவு. சிஸ்டர் கையில் கொடுத்ததும் நம் பதிவேட்டில் அது செலவு. ஆனால் அது அவருடைய பீரோவில் தூங்கிக்கொண்டிருக்கலாம். ஒரு மாதம் 20 அட்டை கொடுத்தீர்கள், நாலு அட்டைதான் பெண்களுக்குப் போனது. அடுத்த மாதம் அவர் கேட்கவில்லை, நீங்கள் கொடுக்கவில்லை, செலவு பூஜ்யம். மேலே இருப்பவர் 20, 0, 0, 20 என்று பார்த்துவிட்டு, இந்த ஊரில் தேவையே ஒழுங்காக இல்லை என்று முடிவு கட்டுகிறார். தேவை ஒழுங்காகத்தான் இருந்தது. கணக்கில்தான் அது தெரியவில்லை.

அதனால் சிஸ்டர்களிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: "இந்த மாசம் எத்தனை பேர் கைக்குப் போச்சு, இப்ப பீரோவுல எத்தனை இருக்கு?" இந்த இரண்டு எண் போதும். "எத்தனை வேணும்?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் போன தடவை திட்டு வாங்கிய அனுபவத்தைப் பொறுத்து ஒருவர் 100 என்பார், ஒருவர் 5 என்பார்.

நம் ஊரில் கணக்கைப் பற்றி யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கடல் கடந்து கொண்டுவிற்கப் போன காலத்தில் ரங்கூன் கடையில் இருந்த ஆள் எழுதிய வரவு செலவு கப்பலேறித் தேவகோட்டை முதலாளி வீட்டுக்கு வந்து சேரும், பேரேட்டில் காலணா இடிக்காது. நமக்கு ஒன்பது கிலோமீட்டரில் இடிக்கிறது.

இனி சராசரி. கடந்த ஆறு மாதம் பெண்கள் கைக்குப் போன எண்ணிக்கையைக் கூட்டி ஆறால் வகுப்பது எல்லோருக்கும் தெரியும். சரக்கே இல்லாமல் இருந்த மாதத்தை என்ன செய்வது? அந்தரா உதாரணம்: 6, 8, 0, 11, 9, 8. மூன்றாவது மாதம் பூஜ்யம், ஏனென்றால் ஊசி மருந்தே வரவில்லை. கூட்டுத்தொகை 42. ஆறால் வகுத்தால் 7. ஆனால் சரக்கு இருந்தது ஐந்து மாதம்தான். ஐந்தால் வகுத்தால் 8.4, மேலே ஏற்றி 9 என்று வையுங்கள். ஏழு என்று போட்டால், சரக்கு வராத மாதத்தின் தண்டனையை அடுத்த மாதமும் அனுபவிப்பீர்கள். இப்படித்தான் தட்டுப்பாடு தட்டுப்பாட்டைப் பெற்றுப் போடுகிறது.

மூன்று மாதத்துக்கான இருப்பு வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தால், 9 × 3 = 27. கையில் 5 இருக்கிறது, வட்டாரத்திலிருந்து அனுப்பிவிட்டோம் என்று சொன்ன 4 வழியில் இருக்கிறது. ஆக இண்டென்ட் 18. எத்தனை மாத இருப்பு என்பதை உங்கள் மாவட்ட அலுவலகம் சொல்லும் அளவில் வையுங்கள். 'வழியில் இருப்பதை' கழிக்க மறந்தால் மட்டும் இரண்டு மடங்கு வந்து அலமாரி பிதுங்கும். கைக்கு வந்து சேராததை வரவில் எழுதிவிடவும் கூடாது. கழிப்பது இண்டென்டில், எழுதுவது பெட்டியைத் தொட்ட பிறகு.

அந்தராவுக்கு இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ஊசி போட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் அடுத்த தேதி எழுதிய கார்டு கொடுக்கிறோம். அந்தத் தேதிகளை ஒரு நோட்டில் மாத வாரியாக எழுதினால் அடுத்த மூன்று மாதத்தில் யாருக்கு எப்போது ஊசி என்பது பெயர் பெயராகத் தெரிந்துவிடும். புதிதாக வருபவர்களுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டால் போதும். குறித்த தேதிக்கு இரண்டு வாரம் முன்னாலிருந்து நாலு வாரம் பின்னால் வரைக்கும் அடுத்த ஊசி போடலாம். அதனால் சரக்கு நாலு நாள் தாமதமானால் பெண்ணைப் பயமுறுத்தாமல், தேதி சொல்லி வரச் சொல்லுங்கள். முதல் ஊசி மட்டும் மருத்துவர் பார்த்துச் சம்மதித்த பிறகுதான்.

இந்தப் பக்கத்து நாட்காட்டி

சராசரி என்பது 12 மாதமும் ஒரே மாதிரி என்று நம்புகிறது. செட்டிநாட்டில் அப்படிக் கிடையாது.

இங்கே பல வீடுகளில் ஆண்கள் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று வெளியே இருக்கிறார்கள். உள்நாட்டில் இருப்பவர்களிலும் திருப்பூர், சென்னை என்று போனவர்கள் அதிகம். பொங்கல், தீபாவளி, ஊர்க் கும்பாபிஷேகம், தங்கச்சி கல்யாணம் என்று வரும்போது ஒரு மாதம், ஒன்றரை மாதம் இருந்துவிட்டுப் போவார்கள். அவர் இல்லாத பதினொரு மாதம் அந்தப் பெண்ணுக்கு எதுவும் தேவையில்லை. அவர் வரும் மாதம் திடீரென்று தேவை. டெய்லி மாத்திரையை அன்றைக்கே ஆரம்பித்தால் உடனே பலன் கிடைக்காது, சில நாள் கூடவே நிரோத்தும் வேண்டும். ஆகவே பண்டிகைக்கு முந்தின மாத இண்டென்டில் நிரோத்தும் அவசர மாத்திரையும் மாலா-என்னும் வழக்கத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். எவ்வளவு கூடுதல் என்று உங்கள் ஊர்ப் பதிவேடே சொல்லும். போன வருடத்து அதே மாதத்தைப் பாருங்கள், போன மாதத்தைப் பார்க்காதீர்கள். கும்பாபிஷேகம் மட்டும் பதிவேட்டில் இருக்காது. அதற்குச் சுவரொட்டியைப் பார்க்க வேண்டும்.

ஆடி மாதத்தில் புதுமணப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போகும் வழக்கம் இருப்பதால் அந்த மாதம் தேவை குறையும் என்று என்னிடம் ஒரு பெரிய சிஸ்டர் சொல்வார். நான் எண்ணிப் பார்த்ததில் அப்படியொன்றும் குறையவில்லை. வழக்கத்தைப் பற்றி இதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

பிரசவம் இன்னொரு கணக்கு. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வருகிறாள். பிரசவம் இங்கே, அதனால் பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போடும் காப்பர் டி-யும் இங்கே. மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துப் புருஷன் வீட்டுக்குப் போவாள். அந்தரா போட்டுக்கொண்டவள் என்றால் முதல் ஊசி உங்களிடம், இரண்டாவது ஊசி வேறு எங்கோ. உங்கள் நோட்டில் அவள் பெயர் இருக்கும், வர மாட்டாள். அதேபோல வேறு ஊரில் முதல் ஊசி போட்டவள் உங்களிடம் வந்து நிற்பாள், உங்கள் நோட்டில் பெயர் இருக்காது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: ஊசி போடும்போதே "எந்த ஊருக்குப் போறீங்க, எப்ப?" என்று கேட்டு எழுதிவிடுங்கள். கார்டைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். அந்த அட்டையை எந்தத் தாயும் தொலைப்பதில்லை.

காப்பர் டி-க்கு எத்தனை வேண்டும் என்பதை ஊகிக்கவே தேவையில்லை. பிக்மி என்ற ஆன்லைன் கர்ப்பிணிப் பதிவில் அவர்களின் பிரசவத் தேதி வரிசையாக இருக்கிறது. அடுத்த மூன்று மாதத்தில் உங்கள் நிலையத்தில் எத்தனை பிரசவம் என்று பார்த்து, வழக்கமாக அதில் எத்தனை பேர் சம்மதிக்கிறார்கள் என்பதைச் சேர்த்தால் எண் வந்துவிடும். பிரசவ வார்டில் எப்போதும் சில இருக்கட்டும். பிரசவம் இரவு இரண்டு மணிக்கும் நடக்கும், அந்நேரத்தில் உங்கள் ஸ்டோர் பூட்டியிருக்கும்.

பால் கொடுக்கும் தாய்மார் விஷயத்தில் கவனம். முதல் ஆறு மாதம் மாலா-என் அவர்களுக்குக் கிடையாது. அந்தரா பிரசவமாகி ஆறு வாரத்துக்குப் பிறகு. சாயா பால் கொடுப்பவர்களுக்கும் கொடுக்கலாம். அதனால் பிரசவம் அதிகமான நிலையத்தில் சாயா வேகமாகக் கரையும். ஒன்று தீர்ந்தால் இன்னொன்றைக் கொடு என்று கண்ணை மூடிக்கொண்டு மாற்ற முடியாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அரசு நாட்காட்டியில் இரண்டு தேதி: உலக மக்கள்தொகை தினமான ஜூலை 11-ஐ ஒட்டிய இரண்டு வாரம், நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண்களுக்கான நவீன கருத்தடை இருவார விழா. வாசக்டமி (ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன்) செய்துகொண்டவருக்கு அதன்பின் மூன்று மாதம் நிரோத் வேண்டும் என்பதை முகாம் நடத்துபவர்களே மறந்துவிடுவார்கள். நீங்கள் மறக்காதீர்கள்.

கொண்டுபோய்ச் சேர்ப்பது

தனி வண்டி வராது. எதிர்பார்க்கவும் வேண்டாம். ஆனால் ஒவ்வொரு புதன்கிழமையும் உங்கள் நிலையத்திலிருந்து தடுப்பூசி எல்லாத் துணை நிலையங்களுக்கும் போகிறது. மாதத்தில் இரண்டாவது புதன் என்று ஒன்றைப் பேசி வைத்துக்கொண்டு, அதே ஆளிடம் ஒவ்வொரு சிஸ்டர் பெயரும் எழுதிய துணிப்பை கொடுத்தனுப்புங்கள். போகும்போது சரக்கு, வரும்போது அந்த இரண்டு எண் எழுதிய சீட்டு. சீட்டு வராத சிஸ்டருக்கு அடுத்த பை கிடையாது என்று நான் ஒருமுறை கறாராக இருந்து பார்த்தேன். தப்பு. பாதிக்கப்பட்டது சிஸ்டர் இல்லை. அப்புறம் பை போய்விடும், சீட்டுக்குப் போன் போட்டு நானே எழுதிக்கொள்வேன்.

ஒரு எச்சரிக்கை: அந்தரா வயலைத் தடுப்பூசிப் பெட்டிக்குள் ஐஸ் பேக்கோடு வைத்துவிடாதீர்கள். ஊசி என்றாலே குளிர்ச்சி என்று பழகிய கை அப்படித்தான் செய்யும். இது 15 முதல் 30 டிகிரிக்குள், நிமிர்த்தி வைக்க வேண்டியது, உறையக்கூடாது. துணிப்பையே போதும்.

வைக்கும் இடம்

சித்திரை, வைகாசியில் நம் ஊர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரை, மேற்குச் சுவர், மூடிய ஜன்னல் மூன்றும் சேர்ந்த அறையில் நிரோத் ரப்பர் பாழாகும். பழைய வளவு வீட்டில் வாடகைக்கு இயங்கும் துணை நிலையம் கிடைத்தால் கொடுத்துவைத்தவர்கள், அந்தச் சுவரும் ஆத்தங்குடிக் கல் தரையும் எந்தக் குளிர்சாதன அறைக்கும் குறைவில்லை. ஆனால் அங்கே கரையான்.

பெட்டி தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் பலகை மேல் இருக்கட்டும், சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி. பினாயில், பூச்சிமருந்து, மண்ணெண்ணெய் எதுவும் பக்கத்தில் கூடாது. டியூப் லைட்டுக்கு நேர் கீழே நிரோத்தைப் பிரித்து வைக்காதீர்கள். காலாவதித் தேதியைப் பெட்டி மேல் மார்க்கரில் பெரிதாக எழுதி, முதலில் காலாவதியாவது முன்னால் வருகிற மாதிரி அடுக்குங்கள். முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்ற பழைய விதி இங்கே செல்லாது. நேற்று வந்த பெட்டி, போன மாதம் வந்ததைவிட முந்திக் காலாவதியாகிறதாக இருக்கலாம்.

ஆறு மாதத்துக்குள் காலாவதியாகும் சரக்கு, உங்கள் வேகத்தில் தீராது என்று தெரிந்தால் அன்றைக்கே வட்டாரத்துக்கு எழுதுங்கள். வேறு நிலையத்துக்கு நகர்த்த அவர்களுக்கு நேரம் வேண்டும். காலாவதியாகி விட்டது என்றால் தனிப் பெட்டி, சிவப்பு எழுத்து, பதிவேட்டில் தனிப் பக்கம். வெட்கப்பட்டு மூலையில் ஒளித்துவைக்காதீர்கள், அடுத்து வருபவர் அதை நல்ல சரக்கென்று எடுத்துக் கொடுத்துவிடுவார்.

எண் சின்னது என்பதால் வரும் சங்கடம்

தமிழ்நாட்டில் குடும்பக் கட்டுப்பாடு என்றால் இன்றும் பெண்களுக்கான ஆபரேஷன்தான். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுள்ள மணமான பெண்களில் பாதிக்கு மேல் அதைச் செய்துகொண்டவர்கள். அதனால் மாத்திரையும் ஊசியும் நம் நிலையங்களில் ஐந்து, பத்து என்றுதான் போகும். மாதாந்திரக் கூட்டத்தில் பிரசவம் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள், தடுப்பூசி பற்றி ஒரு மணி நேரம். நம் பொருள் வரும்போது எல்லோரும் டீ குடிக்கப் போயிருப்பார்கள். எண் சின்னதாக இருப்பதால் தட்டுப்பாடு யார் கண்ணிலும் படாது. 200 பேர் கேட்டு இல்லையென்றால் சத்தம் எழும். நாலு பேர் கேட்டு இல்லையென்றால் நாலு பேரும் சத்தமில்லாமல் வீட்டுக்குப் போவார்கள்.

நான் கண்டுபிடித்த ஒரே வழி, கூட்டத்தில் எண்ணிக்கையைச் சொல்லாமல் நாளைச் சொல்வது. "சாயா 12 அட்டை இருக்கு சார்" என்றால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். "சாயா இன்னும் 19 நாளைக்குத்தான் வரும் சார், இண்டென்ட் போட்டு 25 நாள் ஆச்சு" என்று சொல்லிப் பாருங்கள். வட்டார மருத்துவ அலுவலர் அங்கேயே போனை எடுப்பார். இருப்பை மாதச் சராசரியால் வகுத்து 30-ஆல் பெருக்கினால் நாள் வந்துவிடும்.

மென்பொருளில் ஏற்றும் எண்ணும், மாதாந்திர ஹெச்.எம்.ஐ.எஸ். (சுகாதாரத் தகவல்) அறிக்கையில் போகும் எண்ணும் ஒத்துப்போகிறதா என்பதையும் அனுப்புவதற்கு முன் பாருங்கள். அறிக்கையில் 14 அந்தரா ஊசி, இருப்பிலிருந்து குறைந்திருப்பது 9 மட்டும் என்றால், மேலே யாராவது கேட்பார்கள். கேட்கும்போது உங்களிடம் பதில் இருக்காது.

கேட்பவர் வெட்கம்

சரக்கு அலமாரியில் இருந்தால் மட்டும் ஆகாது, கேட்காமல் எடுக்கிற மாதிரி இருக்க வேண்டும். எங்கள் நிலையத்தில் நிரோத் பெட்டியை முதலில் ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில் மாட்டினோம். பத்து நாளில் ஒன்றுகூடக் குறையவில்லை. மாமன் மச்சான் எல்லாம் வரிசையில் நிற்கும் இடத்தில் யார் கை நீட்டுவார்? ஆண்கள் கழிப்பறைக்குப் போகும் நடையில், சுவர் திரும்பும் இடத்துக்கு மாற்றினோம். அப்புறம் வாரம் ஒருமுறை நிரப்ப வேண்டியிருந்தது. எடுத்தவர் கணக்கு கிடையாது, நிரப்பிய கணக்குத்தான். அதையே செலவாக எழுதுங்கள்.

மாத்திரையைப் பழுப்புக் கவரில் போட்டுக் கொடுங்கள், சத்துமாத்திரை கொடுப்பது போல. கவுண்டரில் நின்று "எத்தனை அட்டை வேணும்?" என்று சத்தமாகக் கேட்கும் ஒரு மருந்தாளுநர், ஒரு வருடச் சராசரியையே பாதியாக்கிவிடுவார். ஒருவருக்கு ஒரு அட்டை என்று கட்டுப்படுத்தாமல், பழகியவர்களுக்கு இரண்டு மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுத்தால் பஸ் ஏறி வருவது மிச்சம். ஆனால் அந்த மாதக் கணக்கு குதிக்கும், பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிவிடுங்கள்.

சாவி

கடைசியாகச் சொல்வது சின்ன விஷயம்தான். நான் ஒருமுறை குலதெய்வம் கும்பிட நாலு நாள் லீவில் போனேன், ஸ்டோர் சாவி என் சட்டைப் பையில். அந்த நாலு நாளில் இரண்டு சிஸ்டர்கள் வந்து திரும்பிப் போயிருக்கிறார்கள். ஒருவர் கண்ணங்குடிப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர். நான் திரும்பி வந்ததும் அவர் என்னைத் திட்டவில்லை. "சாமி நல்லாக் கும்பிட்டீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் இரண்டாவது சாவி செய்து, மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, பணியிலிருக்கும் செவிலியர் மேசை இழுப்பறையில் வைத்தேன். கூடவே ஒரு நோட்டு: தேதி, எடுத்தது, எத்தனை, யாருக்கு, கையெழுத்து. நீங்கள் சேரும்போது அந்த மாதிரி நோட்டு உங்கள் நிலையத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு போங்கள்.